உப்புக் கணக்கு வேறு, நீர்க் கணக்கு வேறு

(கொல்லிமலை செம்மேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், வரலாறு, சமயம் என்று பேசுவதுதான் வழக்கம். வல்வில் ஓரி ஆண்ட மலையில் நின்றுகொண்டு சிறுநீரைப் பற்றிப் பேசுகிறேனே என்று யாராவது முகம் சுளித்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓரியைப் பற்றிப் பேச ஆடிப் பதினெட்டுக்கு நிறைய பேர் வருவார்கள். சிறுநீரகத்தைப் பற்றிப் பேச, அது கெட்டுப்போன பிறகுதான் ஆள் தேடுகிறோம். அதனால் துணிந்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது ஒரே செய்திதான். நம் உடம்பு தண்ணீருக்கு ஒரு கணக்கும் உப்புக்கு இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. இரண்டையும் நடத்துவது சிறுநீரகம். ஆனால் அதற்கு உத்தரவு போடும் ஹார்மோன்கள் வேறு வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உப்பும் நீரும் சேர்ந்து போனவருக்கு வெறும் தண்ணீரைக் கொடுக்கிறோம். தண்ணீர் மிகுந்துபோனவருக்கு உப்பை அள்ளிப் போடுகிறோம். வார்டில் பார்க்கிற பல தொல்லைகளுக்கு இந்தக் குழப்பமே வேர்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் 28 லிட்டர் செல்களுக்கு உள்ளே. மீதி 14 லிட்டர் செல்களுக்கு வெளியே. இரத்தத்தில் அணுக்களை நீக்கிவிட்டால் மிஞ்சும் பிளாஸ்மா வெறும் 3 லிட்டர். இந்த 3 லிட்டரைத்தான் இரண்டு சிறுநீரகங்களும் திரும்பத் திரும்ப வடிகட்டி, ஒரு நாளில் 180 லிட்டர் வடிநீர் எடுக்கின்றன. அப்படியென்றால் உங்கள் பிளாஸ்மா முழுவதும் ஒரு நாளில் அறுபது முறை வடிகட்டப்படுகிறது. அந்த 180 லிட்டரில் கரைந்து போகும் உப்பை மட்டும் தனியாக எடுத்து நிறுத்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். கடையில் வாங்கும் உப்புப் பாக்கெட் ஒன்றரை. அதில் நேற்று நீங்கள் சாப்பிட்ட சில கிராமைத் தவிர மற்ற அனைத்தையும், சிறுநீராகப் போகும் ஒன்றரை லிட்டரைத் தவிர மற்ற நீர் அனைத்தையும், சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுகிறது.

எதற்கு இந்த வீண் வேலை, வேண்டாததை மட்டும் வெளியேற்றினால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. வேண்டாதது எது என்று முன்கூட்டியே பட்டியல் போட முடியாது. நாம் தின்னும் இலை, கிழங்கு, மருந்து, நாளைக்கு ஒருவன் புதிதாகக் கண்டுபிடிக்கப் போகும் ரசாயனம், எல்லாவற்றுக்கும் தனித்தனி வாசல் வைக்க முடியுமா? வேண்டியது எது என்று உடம்புக்குத் தெரியும். ஆகவே பெரும்பாலானதை வெளியே விட்டு, வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. செலவு அதிகம், ஆனால் ஏமாறாத முறை.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரான் என்பது வடிகட்டும் முடிச்சு ஒன்றும் அதிலிருந்து கிளம்பும் நீண்ட குழாயும். அந்தக் குழாயின் முதல் பகுதியிலேயே நீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே திரும்பிவிடும். கடைசிக் கொஞ்சத்தில்தான் ஹார்மோன்களின் ஆட்சி முழுமையாக நடக்கிறது. ஆனால் 180 லிட்டரில் கொஞ்சம் என்றாலே பல லிட்டர். உயிர் அந்தப் பல லிட்டரில் ஊசலாடுகிறது.

நீர்க் கணக்கை எடுத்துக்கொள்வோம். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. இரத்தம் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதை உணரும் செல்கள் அங்கே இருக்கின்றன. இப்படி ஓர் உணர்வி உண்டு என்பதை நிறுவியவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய எர்னஸ்ட் வெர்னி. நாய்களை வைத்து அவர் செய்த சோதனைகளின் முடிவு 1947இல் வெளிவந்தது. இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒரு பங்கு கூடினாலே அந்தச் செல்களுக்குத் தெரிந்துவிடும். உடனே இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, தாகம் எடுக்கும். இன்னொன்று, பிட்யூட்டரியின் பின்பகுதியில் சேமித்து வைத்திருக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் இறங்கும். ஒன்பதே அமினோ அமிலங்களால் ஆன சின்னஞ்சிறு மூலக்கூறு அது.

சிறுநீரகத்தில் அது செய்யும் வேலையை, பள்ளத்து வயலில் நெல் போடுகிற உங்களுக்குச் சொல்வது சுலபம். நெஃப்ரானின் கடைசிக் குழாய் ஒரு வாய்க்கால். அதன் கரை நீர் கசியாத கரை. வாசோபிரசின் வந்தால் கரையில் மடைகள் திறக்கும். வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் பாயும், கடைமடையில் கொஞ்சமே மிஞ்சும். வாசோபிரசின் போய்விட்டால் மடைகள் மூடிக்கொள்ளும். வாய்க்காலில் வந்த தண்ணீர் அப்படியே கடைமடைக்கு ஓடிவிடும். அந்த மடைகளுக்கு அக்குவாபோரின் என்று பெயர். தண்ணீர் மட்டும் புகக்கூடிய புரதத் துளைகள் அவை. இத்தகைய துளைகளைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. செல்லுக்குள் பைகளில் தயாராக இருக்கும் இந்தத் துளைகள், உத்தரவு வந்த சில நிமிடங்களில் கரைக்கு வந்து பொருந்திக்கொள்ளும். உத்தரவு நின்றால் திரும்பப் போய்விடும். அதனால்தான் ஒரு சொம்பு தண்ணீர் கூடுதலாகக் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து போக வேண்டியிருக்கிறது.

இந்த ஹார்மோன் அறவே சுரக்காதவர்கள் உண்டு. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து லிட்டர் சிறுநீர் கழிப்பார்கள். சிறுநீரில் சர்க்கரை இருக்காது. இரவெல்லாம் குடமும் கையுமாக இருப்பார்கள்.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்களுக்கு வாசோபிரசின் பற்றி இன்னொரு செய்தி. குமட்டல் வந்தால் இந்த ஹார்மோன் பொங்கிவிடும். தாகம் தூண்டுவதைவிடக் குமட்டல் தூண்டுவது பல மடங்கு அதிகம். சிலருக்கு வழக்கமான அளவைப் போல நூறு மடங்குக்கு மேல்கூட ஏறும். பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைக்காமல், முப்பதாவது வளைவில் முகம் வெளுத்து, கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, சோளக்காடு வந்து சேரும் வரை சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். எதற்காக உடம்பு இப்படி ஓர் ஏற்பாடு செய்தது? வாந்தி எடுக்கப் போகிறான், நீர் வெளியே போகப் போகிறது என்று முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். அது என் ஊகம். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து குமட்டலோடு கிடக்கும் நோயாளிக்கு உப்பில்லாத குளுக்கோஸ் நீரைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம், அது ஊகமில்லை.

மலை ஏறியதும் கதை மாறும். கீழே நாமக்கல்லில் வியர்த்துக்கொண்டிருந்தவர் மேலே வந்து குளிர்காற்று பட்டதும் அடிக்கடி ஒதுங்குவார். மார்கழிக் குளிரில் இது உங்களுக்கே தெரியும். குளிரில் தோலிலும் கைகால்களிலும் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அங்கே இருந்த இரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு வந்து சேருகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. இரத்தம் மிகுந்துவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொண்டு, வாசோபிரசினைக் குறைக்கிறது. போதாததற்கு, விரிந்த மேலறையிலிருந்தே ஒரு ஹார்மோன் கிளம்பி உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்கிறது. இதயம் என்றால் வெறும் பம்பு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். எலிகளின் இதய மேலறையை அரைத்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தி, அவை உப்பும் நீருமாகக் கழிப்பதை 1981இல் கனடாவில் காட்டினார் அடோல்ஃபோ டி போல்ட். அன்று முதல் இதயமும் சுரப்பிகளின் பட்டியலில் சேர்ந்தது.

சுற்றுலா வருகிறவர்களில் ஒரு சாரார் வேறு ஒரு வழியில் வாசோபிரசினை அடக்குகிறார்கள். சாராயம் அந்த ஹார்மோனைச் சுரக்கவிடாது. குடித்ததைவிட அதிகமாகக் கழித்துவிட்டு, மறுநாள் வறண்ட நாக்கோடு ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஏறுவது நல்ல யோசனை இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

இனி உப்பு. இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இந்த மலையில் தினை விளைகிறது, சாமை விளைகிறது, மிளகும் காப்பியும் பலாவும் விளைகின்றன. உப்பு விளையாது. கடற்கரையில் காய்ச்சிய உப்பு ஒவ்வொரு பிடியும் யாராவது சுமந்து மேலே வந்தால்தான் உண்டு. உப்பு கிடைப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது தொண்டர்கள் பாடிக்கொண்டு போன வழிநடைப் பாட்டை எழுதியவர் நாமக்கல் கவிஞர்தானே.

மனித உடம்பு உருவானதும் உப்புக்குப் பஞ்சமான காலத்தில்தான். ஆகவே உப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு நம்மிடம் மிக வலுவாக இருக்கிறது. அதன் முதல் கண்ணியைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோமில் இருந்த டிகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரும், ஆண்டு 1898. முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறெடுத்து இன்னொரு முயலுக்கு ஏற்றினார்கள், இரத்த அழுத்தம் ஏறியது. அந்தச் சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள்.

இன்று நமக்குத் தெரிந்த வரிசை இது. உப்பு குறைந்து, அதோடு இரத்தத்தின் அளவும் குறைந்தால் சிறுநீரகத்துக்குள் வரும் அழுத்தம் தாழ்கிறது. சிறுநீரகம் ரெனினை வெளியிடுகிறது. கல்லீரல் அனுப்பிய ஒரு புரதத்தை ரெனின் வெட்டுகிறது. வெட்டிய துண்டை நுரையீரலில் உள்ள ஒரு நொதி மேலும் நறுக்க, ஆஞ்சியோடென்சின் பிறக்கிறது. அது இரத்தக் குழாய்களை இறுக்கும், தாகத்தைத் தூண்டும். அதோடு சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தட்டி எழுப்பும். அட்ரீனல் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன், நெஃப்ரானின் கடைசிப் பகுதிக்குப் போய் உப்பைத் திரும்ப எடுக்கச் சொல்லும். அதற்கு ஈடாகப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். வாசோபிரசின் நிமிடங்களில் வேலை செய்யும். ஆல்டோஸ்டிரோனுக்கு மணிக்கணக்கு ஆகும், முழுப் பலன் தெரிய நாள் கணக்கு. ஈரல், நுரையீரல், அட்ரீனல், சிறுநீரகம் என்று நான்கு உறுப்புகள் கை கோத்து ஒரு சிட்டிகை உப்புக்காக இவ்வளவு பாடுபடுகின்றன.

ஆல்டோஸ்டிரோன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லாசன் வில்கின்ஸ், கர்ட் ரிக்டர் என்ற இருவர் 1940இல் ஒரு மூன்றரை வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தை பிஸ்கட் கொடுத்தால் அதன் மேலுள்ள உப்பை நக்கிவிட்டு மீதியைப் போட்டுவிடும். உப்பு டப்பாவைக் கண்டால் விடாது. கையில் கொட்டித் தின்னும். பேசத் தொடங்கியபோது அது கற்ற முதல் சொற்களில் உப்பும் ஒன்று. பெற்றோர் தடுத்தும் கேட்கவில்லை. வேறு காரணத்துக்காக அவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தரும் சாதாரண உணவையே அவனுக்கும் தந்தார்கள். ஏழு நாளில் பையன் இறந்துவிட்டான். அட்ரீனல் சுரப்பி கெட்டிருந்ததால் அவன் உப்பு சிறுநீரில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தன் கையாலேயே ஈடுகட்டி உயிரோடு இருந்திருக்கிறான். மருத்துவம் படிக்கிறவர்கள் இந்தக் கதையை ஆண்டுக்கு ஒரு தடவையாவது நினைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். நம் நாட்டில் காசநோய் அட்ரீனலைத் தின்றுவிடுவது உண்டு. நாளுக்கு நாள் கறுத்து மெலிந்து, தலைசுற்றி விழுந்து, ஊறுகாயும் கருவாடுமாகக் கேட்கிற நோயாளியைத் திட்டாதீர்கள். மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மறுகோடிக்குப் போனால் பிரேசில் காட்டில் யானோமாமி மக்கள். அவர்கள் உணவில் உப்புச் சேர்ப்பதே இல்லை. 1975இல் வெளியான ஓர் ஆய்வில் அவர்கள் சிறுநீரில் ஒரு நாள் முழுக்க வெளியேறிய உப்பு ஒரு சிட்டிகைக்கும் குறைவு. ஆல்டோஸ்டிரோன் அவர்களிடம் உச்சத்தில் இருந்தது. வயது ஏற ஏற இரத்தக் கொதிப்பு ஏறவும் இல்லை. ஐம்பத்திரண்டு இடங்களில் நடத்தி 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்விலும் அவர்கள் இடம்பெற்றார்கள்; அங்கேயும் இதே நிலைதான்.

நம் நிலைமை தலைகீழ். உப்பைப் பிடித்துவைக்க நான்கு உறுப்புகளின் கூட்டணி இருக்கிறது; மிகுந்ததை வெளியேற்ற அந்த அளவுக்கு வலுவான ஏற்பாடு கிடையாது. இதயத்தின் ஹார்மோனும் சிறுநீரகமும் முடிந்தவரை தள்ளும். தள்ளிய பிறகும் மிஞ்சுவது தண்ணீரைக் கூட்டு சேர்த்துக்கொண்டு இரத்த அழுத்தமாக ஏறும். பண்டு தலைச்சுமையாக வந்த உப்பு இன்று லாரியில் வருகிறது. சிப்ஸ் பாக்கெட்டிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் ஊறுகாயிலும் ஒளிந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்குள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம், அதுவும் ஊறுகாய் அப்பளம் எல்லாம் சேர்த்து. வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் தீருகிறது என்று இன்று இரவு போய்ப் பாருங்கள்.

இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று மோதும் இடம்தான் ஆபத்தான இடம். சாதாரண நாளில் வாசோபிரசின் இரத்தத்தின் செறிவை மட்டுமே பார்க்கும். ஆனால் இரத்தத்தின் அளவு பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அது செறிவைப் பார்க்காது. நீர்த்துப் போனாலும் சரி, அளவு நின்றால் போதும் என்று தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கில் உப்பும் நீரும் சேர்ந்தே போகின்றன. அப்போது வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், உடம்பு அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், உப்பு வராது. இரத்தத்தில் சோடியம் தாழும்.

சோடியம் குறைவு. இந்தச் சொல்லை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வார்டில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். எழுபது வயது அம்மாள். இரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வாரமாகச் சோர்வு, குமட்டல், சரியான சாப்பாடு இல்லை. ஒருநாள் காலையில் மகளைப் பார்த்து யார் என்று கேட்கிறார். இரத்தத்தில் சோடியம் 135க்கு மேல் இருக்க வேண்டியது 114. மகள் கேட்பாள்: “ஏனுங்க டாக்டர், உப்புக் கொறஞ்சு போச்சுன்னு சொல்றீங்க. கஞ்சியில ஒரு கை உப்பு போட்டுக் குடுத்தாச் சரியாயிடாதுங்களா?” டாக்டர் சொல்வார்: “அம்மாவுக்குத் தண்ணியக் கொறைங்க. அந்த நீர் மாத்திரைய இனி தர வேண்டாம்.” மகளுக்கு ஒன்றும் புரியாது. உப்புக் குறைந்ததற்குத் தண்ணீரைக் குறைப்பார்களா?

குறைப்பார்கள். சோடியம் அளவு என்பது உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. ஒரு லிட்டர் நீருக்கு எவ்வளவு உப்பு என்பதைத்தான் காட்டுகிறது. அந்த அம்மாளுக்குக் குமட்டலும் மாத்திரையும் சேர்ந்து தண்ணீர் வெளியேற முடியாமல் தங்கிவிட்டது. நீர்த்துப்போன இரத்தத்திலிருந்து தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகும்; மண்டை ஓடு விரியாதே, அதனால்தான் குழப்பமும் வலிப்பும். சோடியம் குறைவு எல்லாமே இந்த வகை என்று சொல்லவில்லை; வயிற்றுப்போக்கில் வந்தவருக்கு உப்பு நீர் ஏற்றத்தான் வேண்டும். எது எந்த வகை என்று பிரிப்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது. இன்னொன்று: பல நாளாகத் தாழ்ந்த சோடியத்தை ஒரே நாளில் ஏற்றிவிடக் கூடாது. நாளைக்கு எட்டு முதல் பத்து அலகுக்குள் நிற்க வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத் தண்டு பழுதாகிப் பேச்சும் நடையும் போய்விடும். ஆகவே “ரெண்டு நாளா ட்ரிப்ஸ் போட்டும் இன்னும் நார்மல் ஆகலையே” என்று நர்சிடம் சண்டை போடாதீர்கள். மெதுவாக ஏற்றுவதே நல்ல வைத்தியம்.

தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. 2002இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் தாழ்ந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களே அவர்களில் மிகுதி. சிறுநீரகக் கல் உள்ளவர் நிறையக் குடிக்க வேண்டும். இதயம் தளர்ந்தவர் அளந்து குடிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே லிட்டர் என்று எந்தச் சிறுநீரகமும் சொல்லவில்லை.

உப்பும் நீரும் சேர்ந்து போனவருக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். குடலில் சர்க்கரையும் சோடியமும் ஒரே வாசலில் கைகோத்து நுழைகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். 1971இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த போங்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்மில் வைத்து, உறவினர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் பாதி கொட்டிக் கலக்குவது தவறு; உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடு செய்யும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி.

மலையிலிருந்து இறங்கிக் கீழ்நாட்டு வெயிலில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்தச் செய்தி வேண்டும். சித்திரை வைகாசியில் கட்டட வேலையிலோ செங்கல் சூளையிலோ ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை போய்விடும். வெயிலுக்குப் பழகாத உடம்பின் வியர்வையில் உப்பு அதிகம். ஒன்றிரண்டு வாரம் பழகினால் ஆல்டோஸ்டிரோன் வியர்வைச் சுரப்பியிலும் வேலை செய்து உப்பை மிச்சம் பிடிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெப்பத்தில் வியர்ப்பதை ஆராயத் தொடங்கிய ஜெரோம் கான்தான் பிற்பாடு, அட்ரீனலில் கட்டி வந்து ஆல்டோஸ்டிரோன் மிதமிஞ்சிச் சுரக்கும் நோயையும் கண்டுபிடித்தார். ஆக, முதல் இரண்டு வாரம் முழு வேலை செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்வது சோம்பேறித்தனம் ஆகாது. மேஸ்திரிகளுக்கும் இது தெரிய வேண்டும்.

நாள் தவறாமல் வெயிலில் வற்றினால் சிறுநீரகம் மெல்லக் கெடக்கூடும் என்ற கவலை இன்று உலகெங்கும் இருக்கிறது. இலங்கையில் அனுராதபுரம் பக்கத்து விவசாயிகளிடம் 1990களிலிருந்து காணும் சிறுநீரக நோய்க்குச் சர்க்கரையோ கொதிப்போ காரணமில்லை. வெயிலா, குடிநீரா, பூச்சிமருந்தா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நம் மாநிலத்து உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பத்தின் தாக்கத்தையும் சிறுநீரகத் தளர்ச்சியையும் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். இதற்கு எந்த ஹார்மோனும் மருந்தில்லை. கழிப்பறை கட்டிக் கொடுப்பதுதான் வைத்தியம்.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டு ஜராராகா விரியனின் நஞ்சை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரெய்ரா, ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும் நொதியைத் தடுக்கும் பொருளுக்கு வழி காட்டினார். அந்த வழியில் 1981இல் காப்டோபிரில் மருந்துக் கடைக்கு வந்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் கொதிப்பு மாத்திரைகளில் எனலாபிரில் அந்தப் பரம்பரை; லோசார்டன், டெல்மிசார்டன் அதே ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும் வேறு வகை. சிறுநீரகத்தைக் காக்கும் நல்ல மருந்துகள். ஆனால் இவை உப்பைப் பிடிக்கும் கூட்டணியின் கையைக் கட்டி வைப்பவை. கடும் வாந்தி பேதி வந்த நாளில் அந்தக் கூட்டணி உடம்புக்கு வேண்டும். அன்று மாத்திரையைத் தொடர்வதா, இரண்டு நாள் நிறுத்துவதா என்று செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். மற்ற நாளில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலி மாத்திரை பற்றி மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மிளகுக் கொடி ஏறி இறங்கி, மூட்டை சுமந்து, உடம்பு வலிக்கிறது என்று கடையில் பேர் கேட்காமல் வாங்கும் இரண்டு மாத்திரையில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் இருக்கும். நீர் வற்றிய சிறுநீரகம் தன் இரத்த ஓட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள உள்ளேயே சுரக்கும் பொருளை அது நிறுத்திவிடும். வெயில், நீர் மாத்திரை, கொதிப்பு மாத்திரை, அதோடு வலி மாத்திரை: நான்கும் ஒரே உடம்பில் கூடினால் ஒரு வாரத்தில் சிறுநீரகம் நின்றுபோவதைக் காணலாம்.

சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு இந்த மலை ஒரு சங்கடமும் வைத்திருக்கிறது. பலாப்பழம், வாழைப்பழம், மரவள்ளிக் கிழங்கு எல்லாமே பொட்டாசியம் நிறைந்தவை. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது வரம், கொதிப்பைக் குறைக்கும். தளர்ந்தவருக்கு ஆல்டோஸ்டிரோன் எவ்வளவு சொன்னாலும் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைத் தள்ள முடியாது. அது ஏறினால் இதயம் நின்றுவிடும். வீட்டு வாசலில் பலா பழுத்துத் தொங்கும்போது ஒரு சுளையோடு நிறுத்து என்று சொல்வது கொடுமைதான். சொல்லாமல் இருப்பது அதைவிடக் கொடுமை.

டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மலையிலிருக்கும் ஒருவருக்கு அது எத்தனை வளைவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்குப் பைகள் தருகிறார்கள். நல்ல காரியம். அந்த நிலைக்குப் போகாமல் இருப்பது அதைவிட நல்ல காரியம். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெடும் வரை வலிக்காது, வீங்காது, எந்தச் சத்தமும் போடாது. அதனால், நாற்பது வயது தாண்டிய எல்லோரும், சர்க்கரையோ கொதிப்போ உள்ள எல்லோரும், ஆண்டுக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மூன்று சோதனை கேட்டு வாங்குங்கள்: இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின். செவிலியர்களே, அவர்கள் கேட்க மறந்தால் நீங்கள் கேளுங்கள். ஆசிரியர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை ஐந்து நிமிடம் சொல்லுங்கள். அரங்கின் பின்புறம் இன்று இரத்த அழுத்தம் பார்க்க மேசை போட்டிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.